ஆறாம் ஆண்டுக்குப் போகும் மகளை எவ்வளவு தூரம் தனியே விடலாம்?

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு வணக்கம்.

கிளிநொச்சி நகரத்திலிருந்து உள்ளே தள்ளி ஒரு கிராமத்தில் இருக்கிறோம். நான் வயல் செய்கிறேன். மனைவி வீட்டிலிருந்து தையல் வேலை செய்கிறார். மூத்த மகளுக்கு 11 வயது. ஐந்தாம் ஆண்டு வரை ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவள், இந்த வருடம் நகரத்துப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் ஆண்டுக்குச் சேர்ந்திருக்கிறாள்.

போகிற வழியில் ஒரு ரயில் கடவை, பிறகு ஏ9 பிரதான வீதி. நான்தான் மோட்டார் சைக்கிளில் ஏற்றி இறக்குகிறேன். 1.30க்குப் பள்ளிக்கூடம் விடும். வயலில் என்ன வேலை கிடந்தாலும் விட்டுவிட்டு 1 மணிக்கே வாசலில் போய் நிற்பேன். எங்கள் ஒழுங்கைப் பிள்ளைகள் நாலைந்து பேர் சேர்ந்து சைக்கிளில் போகிறார்கள். தானும் அவர்களோடு போக வேண்டும் என்று மகள் நிற்கிறாள். நான் மறுத்தால் சாப்பிடாமல் படுக்கிறாள்.

மனைவி, "இந்த வயதில் நான் தண்ணி அள்ளி, சமைத்து, தம்பியையும் பார்த்தனான். அவளை விடுங்கோ" என்கிறார். என் அம்மாவோ, "பெரியபிள்ளை ஆகப்போற வயசு, இனித்தான் கூடக் கவனம் வேணும்" என்கிறார்.

போர் நடந்த 2008இல் எனக்கு 17 வயது. பகலில் வெளியே தலைகாட்ட வீட்டில் விடமாட்டார்கள். அண்ணா ஒருநாள் கடைக்கென்று போனவர். இன்றுவரை தகவல் இல்லை. மகள் வருவதற்குப் பத்து நிமிடம் பிந்தினாலே எனக்குக் கை கால் குளிர்ந்துவிடுகிறது.

இதற்குள் போன் பிரச்சினை வேறு. ரியூஷன் வகுப்புக்கு வட்ஸ்அப் குழு இருக்கிறது. அது மனைவியின் போனில்தான் வருகிறது. தனக்கென்று ஒன்று வேண்டுமாம். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு கொப்பியில் ஏதோ எழுதுகிறாள். அதை எடுத்து வாசித்தால் என்ன என்று மனைவி கேட்கிறார். விட்டால் ஏதும் நடந்துவிடுமோ, விடாமல் வைத்திருந்தால் பயந்த பிள்ளையாக வளர்ந்துவிடுவாளோ என்று எனக்கு ஒரு முடிவுக்கும் வர முடியவில்லை. என்ன செய்யலாம்?

இப்படிக்கு,
ஒரு தகப்பன்

பதில்

அன்புள்ள தம்பிக்கு,

கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மகள் சைக்கிளில் போகலாம், ஆனால் வருகிற திங்கட்கிழமையே தனியாக வேண்டாம். சொந்தப் போன் இப்போது வேண்டாம். கொப்பியை ஒருபோதும் வாசிக்க வேண்டாம். இனிக் காரணத்துக்கு வருவோம்.

வீதியைப் பற்றிய உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தில் 10, 12 வயதுப் பிள்ளைகளைச் செயற்கை வீதிக் காட்சி ஒன்றுக்குள் சைக்கிள் ஓடவிட்டுப் பார்த்தார்கள். வாகனங்களுக்கு இடையில் பெரியவர்கள் எந்த அளவு இடைவெளியில் கடந்தார்களோ, பிள்ளைகளும் ஏறக்குறைய அதே இடைவெளியில்தான் கடந்தார்கள். ஆனால் புறப்படுவதற்கு அவர்களுக்குக் கூடுதல் நேரம் பிடித்தது. அதனால் மற்றக் கரைக்குப் போய்ச் சேரும்போது வாகனம் பெரியவர்களுக்கு வந்ததைவிடக் கிட்ட வந்திருந்தது. கண்ணும் காலும் ஒன்றாக வேலை செய்யப் பழகுவதற்கு இன்னும் சில வருடம் தேவை. இதைப் புத்திமதி சொல்லித் தீர்க்க முடியாது, பழக்கித்தான் தீர்க்க வேண்டும்.

ஆகவே சனி, ஞாயிறில் நீங்களும் ஒரு சைக்கிளை எடுங்கள். அவள் முன்னால் போகட்டும், நீங்கள் பின்னால் போங்கள். வழி சொல்லாதீர்கள். ரயில் கடவையில் இறங்கி, நின்று, இரண்டு பக்கமும் பார்த்து, காது கொடுத்துக் கேட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடக்கட்டும். ஏ9இலும் அப்படித்தான், ஓடிக்கொண்டு குறுக்கே கடப்பது இல்லை. எந்த இடத்தில் கடப்பது என்பதை இருவரும் சேர்ந்து முடிவு செய்யுங்கள். நீங்கள் வாய் திறக்காமலே அவள் சரியாகச் செய்யத் தொடங்கிய பிறகு, பாடசாலை நாட்களில் ஏ9 வரை மட்டும் கூடப் போய் அவள் கடந்ததும் திரும்புங்கள். அதுவும் பழகிய பின் அந்த ஒழுங்கைப் பிள்ளைகளோடு விடுங்கள். எத்தனை கிழமை எடுக்கும் என்று என்னைக் கேட்காதீர்கள், அது அவளைப் பொறுத்தது.

சைக்கிளையும் பாருங்கள். "வளருகிற பிள்ளைதானே" என்று எங்கள் ஆட்கள் ஒரு சைஸ் பெரிதாக வாங்கிவிடுவார்கள். சீற்றில் இருந்தபடி கால் நிலத்தில் முட்டாத சைக்கிளில் எந்தப் பிள்ளையாலும் சடுதியாக நிற்க முடியாது. புத்தகப்பையை ஹாண்டிலில் கொழுவவும் விடாதீர்கள்.

இனி, விட்டுக்கொடுக்கவே கூடாத சில இருக்கின்றன. மாரியில் குளம் வான் பாய்ந்து வீதிக்கு மேலால் தண்ணீர் ஓடும் நாளில் சைக்கிள் இல்லை. கட்டில்லாத கிணறு, வாய்க்கால், குளம் எதிலும் பெரியவர் இல்லாமல் இறங்குவது இல்லை. குறுக்கு வழி என்று பற்றைக்குள்ளால் போவதும் இல்லை. போர் முடிந்து இத்தனை வருடமாகியும் முகமாலை போன்ற இடங்களில் கண்ணிவெடி இன்னும் முழுதாக எடுத்து முடியவில்லை. மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்புப் பலகை என்றால் என்ன, அறியாத இரும்பைக் கையால் தொடாமல் ஏன் பெரியவர்களிடம் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இவற்றில் பேரம் வேண்டாம், காரணத்தை மட்டும் விளக்கிவிடுங்கள்.

ஆட்களால் வரும் ஆபத்து வேறு வகை. முன்பின் தெரியாதவனைப் பற்றித்தான் நாங்கள் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். ஆனால் பிள்ளைகளுக்குத் தீங்கு செய்பவர்கள் பெரும்பாலும் தெரிந்த ஆட்கள்தான். "அப்பா ஏற்றிவரச் சொன்னவர்" என்று யார் வந்தாலும், உங்கள் வீட்டுக்குள் மட்டும் தெரிந்த ஒரு சொல்லைச் சொன்னால்தான் ஏற வேண்டும் என்று பேசி வையுங்கள். இதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. ஒருவன் பின்னால் வந்தான், கையைப் பிடித்தான் என்று அவள் வந்து சொன்னால், "நான் அப்பவே சொன்னனான், இனிச் சைக்கிள் இல்லை" என்று சொல்லிவிடாதீர்கள். சொன்னால் சைக்கிள் போய்விடும் என்று தெரிந்த பிள்ளை அடுத்த முறை சொல்லாது. "நீ சொன்னது நல்லது, பிழை உன்னுடையது இல்லை" என்ற வார்த்தை முதலில் வரட்டும். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற இலவச இலக்கம் அவளுக்கும் மனப்பாடமாகத் தெரிந்திருக்கட்டும்.

கொப்பியை வாசிக்க வேண்டாம் என்பதும் இதனால்தான். சுவீடனில் ஹோகன் ஸ்டாட்டின், மார்கரெட் கெர் என்ற இரண்டு உளவியலாளர்கள் 14 வயதுப் பிள்ளைகளையும் பெற்றோரையும் ஆராய்ந்து 2000ஆம் ஆண்டில் எழுதினார்கள். பிள்ளையின் வெளி வாழ்க்கையைப் பற்றிப் பெற்றோருக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி, பிள்ளை தானாக வந்து சொன்னதாகவே இருந்தது. துருவி விசாரித்தும் கட்டுப்பாடு போட்டும் தெரிந்துகொண்டது குறைவு. ஒளித்து வாசித்தது ஒருநாள் தெரியவரும். அன்றோடு அவள் சொல்வதும் நின்றுவிடும்.

உங்கள் மனைவி சொல்வதை நான் மதிக்கிறேன். மகளால் முடியும் என்று அவர் நம்புகிறார், அந்த நம்பிக்கை பிள்ளைக்குத் தேவை. ஆனால் அவர் அன்று செய்தது வேறு வழியில்லாமல் சுமந்தது. மகளுக்கு இப்போது தேவைப்படுவது தானாக முடிவெடுத்துப் பழகுவது. அதற்கு வீதிக்குப் போக முன்னமே வீட்டுக்குள் நிறைய இடம் இருக்கிறது. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை முடியும் வரை எங்கள் வீடுகளில் பிள்ளையின் நேரசூசி, கொப்பி, பை எல்லாம் தாய் தகப்பன் கையில்தான். ஆறாம் ஆண்டில் பாடத்துக்கு ஒரு ஆசிரியர் வருகிறார், ஒவ்வொருவரும் ஒவ்வொன்று கேட்பார்கள். பையை அவளே அடுக்கட்டும். ஒருநாள் கணிதக் கொப்பியை மறந்துவிட்டால் பின்னால் கொண்டு ஓடாதீர்கள். ஏச்சு வாங்கட்டும், அதைத் தாங்கிக்கொள்வாள். எந்தப் பாடத்தை முதலில் படிப்பது, யாரோடு பழகுவது, தலையை எப்படி இழுப்பது என்பவை அவளுடைய விஷயங்கள்.

போனைப் பொறுத்தவரை, வட்ஸ்அப் நிறுவனமே 13 வயதுக்குக் குறைந்தவர்கள் கணக்கு வைத்திருக்கக் கூடாது என்கிறது. ரியூஷன் குழு அம்மாவின் போனிலேயே இருக்கட்டும். பின்னேரம் இன்ன நேரம் அது அவளுக்கு என்று ஒதுக்கிக் கொடுங்கள், விறாந்தையில் இருந்து பார்க்கட்டும்.

உங்கள் அம்மா சொன்னது பற்றியும் பேச வேண்டும். மகள் பெரியபிள்ளையானதும் சைக்கிளை நிறுத்திவிடாதீர்கள். அப்படிச் செய்தால், தன் உடம்பு வளர்ந்ததற்குக் கிடைத்த தண்டனை என்றே அவள் எடுத்துக்கொள்வாள். மாதவிடாய் என்றால் என்ன, பள்ளிக்கூடத்தில் வந்தால் யாரிடம் சொல்வது, பைக்குள் என்ன வைத்திருப்பது என்று உங்கள் மனைவி இப்போதே, அது வர முன்னமே, பேசிவிடட்டும்.

கடைசியாக அண்ணாவின் விஷயம். உங்கள் அம்மா பிள்ளைகளைக் கண்ணுக்குள் வைத்திருந்ததும், நீங்கள் இன்று வாசலில் நிற்பதும் அன்புதான். ஆனால் பத்து நிமிடப் பிந்தலுக்குக் கை கால் குளிர்வது இன்றைய ஏ9 வீதியைப் பார்த்து வருகிற பயம் மட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்தப் பயம் வரும்போது, "இப்போது இந்த வீதியில் உண்மையில் என்ன ஆபத்து?" என்று உங்களையே கேளுங்கள். பதிலாக லொறியோ மழையோ வந்தால் அதற்கு ஏற்பாடு செய்யலாம். அண்ணாவின் முகம்தான் வருகிறது என்றால், அதற்கான மருந்து மகளின் சைக்கிளைப் பூட்டி வைப்பதில் இல்லை. பெரியப்பாவைப் பற்றி மகளுக்கு என்ன தெரியும்? அவர் எப்படிப்பட்டவர், உங்கள் வீட்டுக்கு என்ன நடந்தது என்று அவள் வயதுக்குத் தக்கபடி சொல்லுங்கள். சொல்லாமல் விட்டால் கதை அவளுக்குப் போய்ச் சேராது, உங்கள் பயம் மட்டும் போய்ச் சேரும்.

இரவில் நித்திரை குழம்புகிறது, பழைய காட்சிகள் வருகின்றன என்றால் உங்கள் பிரதேச செயலகத்தில் இருக்கும் உளவளத்துணை உத்தியோகத்தரைப் போய்ச் சந்தியுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கும் எந்த நேரமும் பேசலாம். முடிந்தால் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். இத்தனை வருடமாக மகனுக்காகக் காத்திருக்கும் அவரிடம் யாரும் உட்கார்ந்து கேட்டிருப்பார்களோ தெரியாது.