பாயைப் புரட்டிப் பார்த்ததுண்டா?

கணக்கு வாத்தியார் பதில்கள்

நான் பி.எஸ்சி. கணிதம் இரண்டாம் ஆண்டு. பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்தவள். மாடர்ன் அல்ஜீப்ரா வகுப்பில் கேட்கும்போது புரிகிற மாதிரி இருக்கிறது. புத்தகத்தை மூடினால் ஒரு வரி வரமாட்டேன் என்கிறது. நிரூபணங்களை மனப்பாடம் செய்துதான் இன்டர்னலை ஓட்டுகிறேன். என்ன செய்ய சார்?
– மாணவி, அம்பாசமுத்திரம்

நானும் அப்படி ஓட்டியவன்தான் தாயி. எம்.எஸ்சி. வாய்மொழித் தேர்வில் குலம், அதாவது 'குரூப்' என்பதன் வரையறையைக் கேட்டார்கள். மூச்சு விடாமல் ஒப்பித்தேன். "சரி, பரிமாற்று விதி இல்லாத, அதாவது வரிசையை மாற்றினால் விடை மாறுகிற குலம் ஒன்று சொல்லும்" என்றார் வெளியிலிருந்து வந்த தேர்வாளர். மின்விசிறியைப் பார்த்தேன், சன்னலைப் பார்த்தேன். நாற்பது தேற்றம் மனப்பாடமாக இருந்தது, கையில் ஓர் உதாரணம் இல்லை. பாளையங்கோட்டையிலிருந்து பஸ்ஸில் வீடு வந்து சேரும்வரை காது சூடு ஆறவில்லை.

அன்று ராத்திரி பாய் விரிக்கும்போதுதான் விஷயம் பிடிபட்டது. எங்கள் வீட்டில் ஒரு பத்தமடைப் பாய் உண்டு. அதை எடுத்து, விரித்த இடத்திலேயே சரியாகப் பொருந்தும்படி திரும்பப் போட எத்தனை வழி? சும்மா விடலாம். தரையோடு அரைவட்டம் சுற்றித் தலைமாட்டைக் கால்மாடு ஆக்கலாம். தலைமாடு மாறாமல் பக்கவாட்டில் புரட்டி அடிப்பக்கத்தை மேலே கொண்டுவரலாம். இல்லையென்றால் தலைமாட்டைத் தூக்கிக் கால்மாட்டுப் பக்கம் கவிழ்க்கலாம். ஐந்தாவது வழி கிடையாது. இப்போது சுற்றிவிட்டுப் பக்கவாட்டில் புரட்டிப் பார். நேரே கவிழ்த்தது போலவே கிடக்கும். எந்த இரண்டை அடுத்தடுத்துச் செய்தாலும் இந்த நாலில் ஒன்றுதான் வரும். எதையும் இரண்டு தடவை செய்தால் பழைய நிலை. இப்படித் தனக்குள்ளேயே அடங்கி, செய்ததைத் திரும்ப அழிக்கவும் வழியுள்ள செயல்களின் கூட்டம்தான் குலம். 'சும்மா விடுவது'தான் சமனி. அதை ஏன் ஒரு உறுப்பாக எண்ணுகிறார்கள் என்று நீ குழம்பியிருப்பாய். அது இல்லாமல் அட்டவணையே நிரம்பாது.

ஒரு தாளில் நாலுக்கு நாலு கட்டம் போட்டுப் பதினாறையும் நீயே நிரப்பு. அப்புறம் சதுரமான கைக்குட்டை ஒன்றை எடு. நாலு மூலையிலும் பேனாவால் 1, 2, 3, 4 என்று எழுது, பின்பக்கமும் அதே எண் தெரியட்டும். இதற்கு எட்டு வழி. கால்வட்டம் திருப்பிவிட்டுப் பக்கவாட்டில் புரட்டு, மூலைகளைக் குறித்துக்கொள். முதலிலிருந்து தொடங்கிப் புரட்டிவிட்டுத் திருப்பு. இரண்டு விடையும் ஒன்றாக இருக்காது. அந்தத் தேர்வாளர் கேட்ட உதாரணம் என் சட்டைப்பையிலேயே மடித்துக் கிடந்திருக்கிறது!

மொழிக்குப் பயப்படாதே. பன்னிரண்டாம் வகுப்பில் ஈருறுப்புச் செயலி, சமனி, எதிர்மறை என்று படித்தாயே, அதேதான் இதுவும். ஒவ்வொரு நிரூபணத்தையும் முதலில் ஓரத்தில் தமிழில் எழுது, கைக்குட்டையில் சரிபார், கடைசியாக ஆங்கிலத்துக்குப் போ. ஒரு நாளைக்கு ஒரு தேற்றம் போதும்.

கௌரவ விரிவுரையாளராக இருக்கிறேன். ஈவுக் குலம் (ஒரு குலத்தைக் 'கோசெட்' என்ற கூட்டங்களாகப் பிரித்து, அந்தக் கூட்டங்களையே உறுப்புகளாக எண்ணுவது) நடத்தும் அன்று மட்டும் வகுப்பு முழுவதும் செத்துவிடுகிறது. 'கோசெட் எப்படி சார் ஒரு உறுப்பாகும், அதுவே ஒரு கூட்டம்தானே?' என்று ஒரு பையன் கேட்டான். எனக்கே பதில் திருப்தியாக வரவில்லை.
– தென்காசி வாசகர்

அந்தப் பையனைக் கையோடு முன் பெஞ்சுக்குக் கூட்டி வாருங்கள் தம்பி. அவன் கேட்டதுதான் பாடம்.

நம் பக்கத்து அம்மன் கோயில் கொடைத் திருவிழாவை எடுத்துக்கொள்ளுங்கள். போன செவ்வாய் கால்நாட்டு, இந்தச் செவ்வாய் கொடை. தேதி வேறு வேறு. ஆனால் இரண்டையும் 'செவ்வாய்' என்றுதானே சொல்கிறோம்? செவ்வாய் என்பது ஒரு நாள் இல்லை, ஏழு ஏழு நாளாகத் தள்ளி நிற்கிற எல்லா நாளையும் கட்டிய மூட்டை. அந்த மூட்டைக்கு ஒரு பெயர் வைத்து, ஒற்றை ஆளாக நடத்துகிறோம். கோசெட்டும் இப்படி ஒரு மூட்டைதான். 'செவ்வாயிலிருந்து மூன்று நாள் கழித்து' என்றால் வெள்ளி. எந்தச் செவ்வாய் என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை. கேட்கத் தேவையில்லாமல் இருப்பதுதான் முக்கியம். மூட்டையிலிருந்து எதை உருவினாலும் விடை ஒரே மூட்டையில் விழவேண்டும். எல்லா உட்குலத்துக்கும், அதாவது குலத்துக்குள் அடங்கிய சின்னக் குலத்துக்கும், இது நடக்காது. நடக்கிற உட்குலத்துக்குத்தான் நேர்மை உட்குலம், நார்மல் என்று பட்டம். இதைச் சொல்லிவிட்டு வரையறையை எழுதுங்கள். வரையறையை முதலில் எழுதினால் பிள்ளைகள் அதைப் படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள், அவ்வளவுதான்.

கைக்குட்டையில் ஒரே ஒரு புரட்டலையும் சமனியையும் எடுத்து மூட்டை கட்டச் சொல்லுங்கள். மற்ற அசைவுகளை இடப்பக்கம் சேர்த்துக் கட்டியதும் வலப்பக்கம் சேர்த்துக் கட்டியதும் ஒத்துப்போகாது. அது குழம்புகிற இடத்தில் பத்து நிமிடம் வாயைத் திறக்காமல் நில்லுங்கள். சிரமம்தான், எனக்கு வரவே பல வருடம் ஆயிற்று.

பரீட்சைக்கு மூன்று நாள். எது கண்டிப்பாக வரும்?
– பெயர் வேண்டாம், வண்ணார்பேட்டை

லெக்ராஞ்சி தேற்றம்: உட்குலத்தின் உறுப்பு எண்ணிக்கை, குலத்தின் எண்ணிக்கையை மிச்சமில்லாமல் வகுக்கும். கடிகாரத்தைப் பாருங்கள்: 12 மணிகளில் 0, 3, 6, 9 ஓர் உட்குலம். ஒன்று கூட்டினால் 1, 4, 7, 10. இரண்டு கூட்டினால் 2, 5, 8, 11. மூன்று குவியல், ஒவ்வொன்றிலும் நாலு, மிச்சம் கிடையாது. நிரூபணமும் இதுதான், எழுத்துகளைப் போட்டு எழுதவேண்டும். மறுதலை, அதாவது வகுக்கிற ஒவ்வொரு எண்ணுக்கும் ஓர் உட்குலம் உண்டு என்பது உண்மையா என்று கேட்டால் 'இல்லை' என்று எழுதுங்கள். நாலு பொருள்களின் இரட்டை வரிசைமாற்றங்கள் (இரண்டு பொருளை இடம் மாற்றுவதை இரட்டைப்படைத் தடவை செய்து கிடைப்பவை) 12; அதில் 6 உறுப்புள்ள உட்குலம் கிடையாது. 1771-இல் லெக்ராஞ்சி சமன்பாடுகளைப் பற்றி எழுதியபோது குலம் என்ற சொல்லே பிறக்கவில்லை என்பதை வேண்டுமானால் ஒரு வரி சேர்க்கலாம். மார்க் வராது.

களக்காட்டில் ஏத்தன் வாழை போட்டிருக்கிறேன். மகள் எம்.எஸ்சி. கணிதம்தான் படிப்பேன் என்கிறாள். இந்த அல்ஜீப்ராவால் யாருக்கு என்ன பிரயோசனம்?
– ஒரு தகப்பனார்

வாழைத்தார் விற்ற காசு சில நேரம் போனில் வருகிறதா அண்ணாச்சி? கடையில் ஒட்டியிருக்கும் கியூஆர் அட்டையைக் கவனித்திருப்பீர்கள். டீ சிந்தி, வெயிலில் வெளுத்துக் கிடக்கும். மூலைகளில் இருக்கும் மூன்று பெரிய சதுரங்கள் தப்பியிருந்தால் பெரும்பாலும் காசு போய்விடும். அழிந்ததைப் போன் ஊகிப்பதில்லை, கணக்குப் போட்டு மீட்கிறது. 1960-இல் ரீடு, சாலமன் என்ற இருவர் கண்டுபிடித்த முறை. உயர்ந்த தரத்தில் அச்சடித்தால் குறிகளில் சுமார் 30 சதவீதம் வரை கெட்டாலும் தாங்கும். அந்தக் கணக்கு நடப்பது 256 உறுப்புகள் மட்டுமே உள்ள ஒரு ஃபீல்டில். கூட்டலாம், பெருக்கலாம், வகுக்கலாம், அந்த 256-ஐ விட்டு வெளியே போக முடியாது. மகள் 'ஃபீல்டு ஃபீல்டு' என்று சொன்னால் உங்கள் வயலை விற்கச் சொல்கிறாள் என்று நினைக்கவேண்டாம்.

வேலை கிடைக்குமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்க நினைத்தது அதுதான். இந்தப் பட்டம் மட்டும் கையில் இருந்தால் வாத்தியார் வேலைக்குக் காத்திருக்கும் வரிசை நீளம். கூடவே நிரல் எழுதவும் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். அதற்குக் கணினி வாங்கித் தரவேண்டியது உங்கள் பொறுப்பு. அடுத்த தார் வெட்டியதும் பாருங்கள்.