பத்துமலை பத்து மலையல்ல

கேள்வி: எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவில் பேசிய ஒருவர், "பத்துமலை என்றால் பத்து மலைகள். கோலாலம்பூரில் இருக்கும் 'ஊர்', தஞ்சாவூரில் இருக்கும் அதே 'ஊர்'. மலேசிய ஊர்ப்பெயர்களில் பாதி தமிழ்" என்றார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. இது உண்மையா ஐயா? எங்கள் ரப்பர் தோட்டத்தை வீடமைப்புக்கு விற்றுவிட்டார்கள். அதன் பெயர் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க முடியுமா?
– ஒரு வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: உண்மையில்லை. கைதட்டியவர்களுக்கும் இதைச் சொல்லுங்கள்.

கோலாலம்பூர் அருகே முருகன் குகைக்கோயில் உள்ள பத்துமலையின் 'பத்து' எண் அல்ல. கல் என்று பொருள்படும் மலாய்ச் சொல். அருகே ஓடும் சுங்கை பத்து என்ற ஆற்றின் பெயரே குகைக்கும் வந்தது. மலாய்க்காரர் வாயில் அதன் முதல் ஒலி 'பாட்டி'யில் வருவது அல்ல, 'பாட்டில்' என்பதில் வருவது. நம் எழுத்தில் இரண்டுக்கும் ஒரே 'ப'. எழுதியதும் கல் பத்தாகிவிட்டது. அறுபடை வீட்டோடு இந்நாட்டுக் கோயில்கள் நான்கைக் கூட்டிப் பத்து என்று கணக்குக் காட்டுவோரும் உண்டு. அங்கே தைப்பூசம் நடப்பது 1892 முதல். ஆற்றின் பெயர் அதற்கு மூத்தது.

அதே சொல்லுக்கு மைல் என்றும் பொருள் உண்டு, நாம் 'கட்டை' என்கிறோமே, அதுதான். ஷா ஆலமில் உள்ள பத்து தீகா மூன்றாம் கட்டை. பத்து காஜா யானைக்கல். பத்து ஆராங் நிலக்கரி. அங்கே நிலக்கரிச் சுரங்கமே இருந்தது. ஆக, பத்து என்று தொடங்கும் பெயரைக் கண்டால் அது கல்லா, கட்டையா என்று முதலில் பாருங்கள்.

கோலாலம்பூரில் 'ஊர்' கிடையாது. லும்பூர் என்பது ஒரே சொல், சேறு என்று பொருள். அதை நடுவில் வெட்டி ஊரை எடுக்க முடியாது. சிங்கப்பூரில் உள்ள 'பூர்' வேறு. சிங்கபுரா என்பதில் வரும் புரம் அது. தமிழில் இரண்டும் ஒரே முடிவாகத் தெரிவதால் இந்த மயக்கம். கோலாலம்பூரில் உண்மையான புதிர் வேறொன்று. மலாயில் 'கோலா' என்பது ஓர் ஆறு பெரிய ஆற்றிலோ கடலிலோ கலக்கும் வாய். வந்து சேர்கிற ஆற்றின் பெயரே அந்த இடத்துக்கு வரும். உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே பாருங்கள்: கங்சார் ஆறு பேராக் ஆற்றில் சேருமிடம் கோலகங்சார். அந்த முறைப்படி, கோம்பாக் ஆறு கிள்ளான் ஆற்றில் சேரும் தலைநகருக்குக் கோலா கோம்பாக் என்றல்லவா பெயர் இருக்க வேண்டும்? அதனால்தான் லும்பூர் என்றே ஒரு சிற்றாறு முன்பு இருந்திருக்கும் என்று வாதிடுகிறார்கள் ஆய்வாளர்கள். வழக்கு முடியவில்லை. மேடையில் பேச விஷயம் வேண்டுமென்றால் இதைப் பேசலாம்.

நமக்கு உறவுள்ள பெயர்கள் இல்லாமல் இல்லை. மலாக்கா என்பது ஒரு மரத்தின் பெயர். அந்த மரம் நம் நெல்லி. வடமொழி ஆமலகம் மலாயில் மெலாக்கா ஆனது. கெடா மாநிலத்தை நம் முன்னோர் கடாரம் என்றார்கள். ராஜேந்திர சோழனின் படை 1025இல் அங்கே போனது. குளம் மலாய்க்குப் போய்க் 'கோலாம்' ஆனது, கடை 'கெடாய்' ஆனது. இவ்வளவு இருக்க, இல்லாததைச் சேர்த்தால் இருப்பதையும் யாரும் நம்ப மாட்டார்கள். எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம் உண்டு.

மற்ற ஊர்களில் பெரும்பாலானவை மரமும் விலங்கும் மண்ணும்தான். ஈப்போ ஒரு மரம். அதன் பாலைப் பூர்வகுடிகள் ஊதுகுழல் அம்பின் முனையில் நஞ்சாகத் தடவினார்கள். கூலிம் பூண்டு வாடை அடிக்கும் மரம். உங்கள் சுங்கை சிப்புட் நத்தை ஆறு. தைப்பிங் மட்டும் தனிக்கதை. கிளியான் பாவ் என்றிருந்த ஈயச் சுரங்க ஊரில் சீனர்களின் இரு சங்கங்கள் பல ஆண்டுகள் அடித்துக்கொண்டன. 1874இல் அந்தச் சண்டையை முடித்துவைத்த பங்கோர் உடன்படிக்கை ஆனபிறகு, நிலைத்த அமைதி என்று பொருள்படும் சீனப் பெயரை வைத்தார்கள். நாட்டின் முதல் ரயில் 1885இல் அங்கிருந்துதான் போர்ட் வெல்டுக்கு ஓடியது.

இனி உங்கள் தோட்டம். நான் அக்கறைப்படுவது இதில்தான். ஊர்ப்பெயரை மலாய் அகராதி காப்பாற்றும், தோட்டப் பெயரை யாரும் காப்பாற்ற மாட்டார்கள்.

ஒரு தோட்டத்துக்குக் குறைந்தது மூன்று பெயர் இருக்கும்: கம்பெனி பதிந்த ஆங்கிலப் பெயர், 'லாடாங்' (தோட்டம்) சேர்த்த மலாய்ப் பெயர், நம் சனம் வாயால் வழங்கிய பெயர். மூன்றையும் தனித்தனியே எழுதுங்கள். ஆங்கிலப் பெயர் அநேகமாகத் துரையின், அதாவது வெள்ளைக்கார மேலாளரின், சொந்த ஊரையோ கம்பெனிக்காரரையோ குறிக்கும். கேரித் தீவு கேரி என்ற தோட்டக்காரரின் பெயர்தான். தமிழ்ப் பெயர் ஆள் சேர்த்து வேலை வாங்கிய கங்காணியிடமிருந்தோ ஆற்றிடமிருந்தோ கட்டையிடமிருந்தோ வந்திருக்கும். தோட்டத்தின் பிரிவுகளான டிவிஷன்களின் பெயர்களை விடாதீர்கள். காலையில் ஆள் கணக்கெடுத்த பிரட்டுக் களம், ரப்பர் பால் சேர்த்த பால் கொட்டகை, பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஆயாக் கொட்டகை எங்கே இருந்தன என்று கையால் ஒரு படம் வரையுங்கள்.

பெரியவர்களைக் கேட்கும்போது "இது கங்காணி பெயர்தானே?" என்று கேட்காதீர்கள். ஆமாம் என்றுதான் சொல்வார்கள். "அந்தக் காலத்தில் இதை என்ன சொல்வீங்க, ஏன்?" என்று கேளுங்கள். ஒருவரோடு நிறுத்தாமல், வெவ்வேறு லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) வளர்ந்த மூவரிடமாவது தனித்தனியாகக் கேளுங்கள். மூவரும் ஒரே கதை சொன்னால், யார் யாரிடம் கேட்டார்கள் என்பதையும் விசாரியுங்கள்.

பிறகு காகிதம். பிறப்புப் பத்திரம், பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, பழைய செக்ரோல் (தொழிலாளர் பெயரும் கூலியும் எழுதிய பதிவேடு), கோயில் உபயக் கல். கோலாலம்பூரில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் பழைய வரைபடங்களைக் கேளுங்கள். ஓர் அங்குலத்துக்கு ஒரு மைல் அளவில் அச்சிட்டவற்றில் தோட்டங்களின் பெயர் இருக்கும். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். மலாய்ச் சொற்களை ரோமன் எழுத்தில் எழுதும் முறை 1972இல் மாறியது. இன்றைய எழுத்தில் மட்டும் தேடினால் பழைய பதிவு அகப்படாது. ஊர்ப்பெயரும் மாறியிருக்கலாம். தாத்தாவின் பத்திரத்தில் தெலுக் அன்சன் என்றிருந்தால் இன்றைய தெலுக் இந்தான், போர்ட் சுவெட்டன்ஹாம் என்றால் கிள்ளான் துறைமுகம், போர்ட் வெல்ட் என்றால் கோலா செபெத்தாங்.

தமிழ்ப்பள்ளி இருந்தால், அதை இடம் மாற்றினாலும் பெயரை மாற்ற விடாதீர்கள். எஃபிங்ஹாம் தோட்டம் இன்று பண்டார் உத்தாமா. சீஃபீல்டு தோட்டம் இருந்த இடத்தில் சுபாங் ஜெயா. இரண்டு பெயரையும் தமிழ்ப்பள்ளிகள்தான் இன்னும் சுமக்கின்றன.

மண்வாரி இயந்திரம் வருவதற்குள் முதலில் இடுகாட்டுக்குப் போங்கள். காலை வெயில் சாய்வாக விழும்போது படமெடுத்தால் தேய்ந்த எழுத்தும் தெரியும். கல்லில் சுண்ணாம்போ மாவோ பூசாதீர்கள், கல் கெடும். தண்ணீர் தெளித்தால் போதும். பெயரோடு ஊரும் டிவிஷனும் செதுக்கியிருந்தால் அதை அப்படியே, பிழையோடு, எழுதிக்கொள்ளுங்கள்.