எழுத்தை எங்கே உடைக்கலாம்? சோதனை டைபோகிராபி: கேள்வி பதில்

போஸ்டர், அட்டை, திரை என எதில் செய்தாலும் சரி, எழுத்தையே படமாக்கி விளையாடுவது பற்றிக் கேளுங்கள். இலவச ஃபாண்ட் எங்கே கிடைக்கும் என்பது என் துறை இல்லை, அதை மட்டும் விட்டுவிடுங்கள்.

கேள்வி: சோதனை டைபோகிராபி என்றால் என்ன? எழுத்துகளைக் கோணல்மாணலாக வைத்தால் போதுமா?

போதாது. கோணல்மாணல் விளைவாக வரலாம், அதையே நோக்கமாக வைத்தால் அலங்காரம்தான் மிஞ்சும். சோதனை என்றால் முதலில் ஒரு கேள்வி வேண்டும். டச்சு டிசைனர் விம் க்ரூவெல் 1967இல் 'நியூ ஆல்ஃபபெட்' வரைந்தபோது அவரிடம் இருந்த கேள்வி இது: அன்றைய கேதோடு கதிர்த் திரைக்கு (பழைய பெட்டி டிவி மாதிரித் திரை) வளைவு ஒழுங்காக வராது, அப்படியானால் வளைவே இல்லாத எழுத்து எப்படி இருக்கும்? கிடைக்கோடும் நெடுக்கோடும் மட்டும் வைத்து வரைந்தார். சில எழுத்துகளைப் படிக்கவே முடியவில்லை. 1984இல் எமிக்ரே என்ற டிசைன் இதழைத் தொடங்கிய ரூடி வாண்டர்லான்ஸும், அதற்கு எழுத்து வரைந்த சூசானா லிச்கோவும் கேட்டது வேறு: கரடுமுரடான திரைப் புள்ளிகளை வைத்துப் பழைய ஈய எழுத்தைப் போலி செய்வானேன், அந்தப் புள்ளிகளுக்கே பொருந்துகிற எழுத்து எது? எரிக் வான் பிளாக்லாண்ட், யுஸ்ட் வான் ரோஸம் இருவரும் செய்த 'பியோவுல்ஃப்' இன்னும் குறும்பு. அச்சிடும் ஒவ்வொரு முறையும் எழுத்தின் ஓரப் புள்ளிகள் தாறுமாறாக நகர்ந்தன, ஒரே பக்கத்தில் இரண்டு ஆங்கில 'e' ஒன்றுபோல இருக்கவில்லை. 'எல்லா எழுத்தும் ஏன் அச்சு அசலாக ஒன்றாகவே இருக்க வேண்டும்?' என்பதுதான் அங்கே கேள்வி.

உங்கள் போஸ்டருக்குப் பின்னால் இப்படி ஒரு வரிக் கேள்வியைச் சொல்ல முடிந்தால் அது சோதனை.

கேள்வி: இந்த மாதிரி வேலைக்கு எந்த ஃபாண்ட் நல்லது?

உடைக்கப் போகும் எழுத்து எதுவானாலும், அடிப்படை வரைவு சுத்தமாக இருந்தால் போதும். பட்டியல் தருவதில்லை.

கேள்வி: ஃபோட்டோஷாப்பில் தமிழ் தட்டினால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் நிற்கிறது. சோதனை செய்யாமலே உடைந்துவிட்டது!

எழுத்துகளைச் சேர்த்து அமைக்கும் என்ஜின் மாறியிருக்கிறது. ஃபோட்டோஷாப்பில் டைப் அமைப்பில் 'வேர்ல்ட்-ரெடி லேஅவுட்' தேர்ந்தெடுங்கள். இன்டிசைனில் பத்தி மெனுவில் 'வேர்ல்ட்-ரெடி கம்போசர்'. இல்லஸ்ட்ரேட்டரில் 'மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏசியன் கம்போசர்' என்று இருக்கும். யூனிகோட் எழுத்துருதானா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எழுத்து சரியாக வந்தபின் அவுட்லைனாக, அதாவது வெறும் வரைகோடுகளாக, மாற்றுவீர்கள். அதற்கு முன்னால் தட்டச்சு நிலையில் இருக்கும் கோப்பை வேறு பெயரில் சேமியுங்கள். அவுட்லைன் ஆனபின் ஒரு எழுத்துப்பிழையைக்கூடத் திருத்த முடியாது.

கேள்வி: ஆங்கிலப் போஸ்டர்களில் எழுத்தின் பாதியை வெட்டியிருந்தாலும் படிக்க முடிகிறது. தமிழில் அதையே செய்தால் குழப்பமாகிறது. ஏன்?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

ஆங்கில வரி ஒன்றின் கீழ்ப்பாதியைத் தாளால் மறைத்துப் பாருங்கள். மேல்பாதியை வைத்தே பெரும்பாலும் படித்துவிடலாம். லத்தீன் எழுத்துகளின் அடையாளம் மேலே அதிகம், கீழே குறைவு. பாதி எழுத்தை வைத்துச் செய்யும் போஸ்டர்கள் எல்லாம் இந்தச் சலுகையில் பிழைக்கின்றன.

தமிழில் அந்தச் சலுகை இல்லை. தலையில் கை வைத்தால் புள்ளி போகும், 'கி'யும் 'கீ'யும் ஒன்றாகும். காலில் கை வைத்தால் எ-ஏ, ஒ-ஓ வேறுபாடு போகும், கு-கூ குழம்பும். இடப்பக்கம் கொம்பு, அதிலும் ஒற்றையா இரட்டையா என்பது மேலே உள்ள சின்னச் சுழிப்பில் இருக்கிறது. வலப்பக்கம் துணைக்கால். எழுத்துக்கு உள்ளேயோ சுழிக்கணக்கு: மூன்று சுழி 'ண'வில் ஒன்றை விழுங்கினால் பணி பனியாகிவிடும். ஆக, நான்கு ஓரத்திலும் காவல்.

அப்படியானால் எதை உடைப்பது? நிறைய இருக்கிறது. கோட்டின் தடிமனை என்ன வேண்டுமானாலும் செய்யலாம். வளைவை முனையாக்கலாம், முனையை வளைவாக்கலாம். உட்புற வெளியை நிரப்பலாம், சுழி எத்தனை என்பது மட்டும் தெரிந்தால் சரி. உடலின் நடுப்பட்டையை ஸ்டென்சில் மாதிரி குறுக்காக வெட்டி எடுக்கலாம், தமிழ் எழுத்து அதைப் பெரும்பாலும் தாங்கும். புள்ளி வட்டமாக இருக்க வேண்டும் என்பதில்லை. சதுரமாக்கலாம், எழுத்தைவிடப் பெரிதாக்கலாம், பக்கத்தின் உச்சிக்கே ஏற்றலாம், அதன் எழுத்துக்கு நேர் மேலே நின்றால் கண் சேர்த்துக்கொள்ளும்.

ஒரு கண்ணி மட்டும்: ர, துணைக்கால். கட்டங்களை வைத்து வரையும்போது 'ர'வின் அடியில் உள்ள சாய்ந்த வாலை வெட்டிவிட்டால் இரண்டும் ஒன்றுதான்.

கட்டத்தில் வரைபவர்கள் ட, ப, ம, ய நான்கையும் முதலில் வரைந்து, அருமையாக வந்துவிட்டது என்று குதிப்பார்கள். அவை கட்டத்துக்கென்றே பிறந்தவை. இ, ஐ, ஞ, ண என்று வரும்போது அமைப்பே சரியும். அடம்பிடிக்கிற எழுத்திலிருந்து தொடங்குங்கள். 'ஞ' உங்கள் கட்டத்துக்குள் உட்கார்ந்துவிட்டால் மற்றவை தானாக வரும்.

கேள்வி: புள்ளியை எங்கே வேண்டுமானாலும் பறக்கவிடலாம் என்கிறீர்களே. மெய்யெழுத்துக்குப் புள்ளி என்று தொல்காப்பியமே சொல்கிறது. இது மொழிச் சிதைப்பு இல்லையா?

நேர் மேலே இருக்க வேண்டும் என்றுதான் சொன்னேன். போகட்டும். ஓலைச்சுவடிகளைப் பாருங்கள், பெரும்பாலானவற்றில் புள்ளியே இருக்காது. எழுத்தாணி ஓலையைத் துளைத்துவிடும் என்று விட்டார்கள், படித்தவர்கள் சூழலை வைத்துப் படித்தார்கள். அந்தச் சுவடிகளை எழுதியவர்கள் தொல்காப்பியம் அறியாதவர்களா?

கேள்வி (அதே நண்பர்): அவர்கள் வழியில்லாமல் விட்டார்கள். நீங்கள் வேண்டுமென்றே விடுகிறீர்கள். படிக்க முடியாதது எழுத்தே இல்லை.

நல்ல வாதம், முதல் பாதியை ஒப்புக்கொள்கிறேன். இரண்டாம் பாதி பழைய சண்டை. அச்சுக்கலை எழுத்தாளர் பியாட்ரிஸ் வார்ட் 1930களின் தொடக்கத்திலேயே, நல்ல அச்சு கண்ணாடிக் கிண்ணம் மாதிரி உள்ளிருக்கும் மதுவைக் காட்ட வேண்டும், தன்னைக் காட்டக் கூடாது என்று எழுதிவிட்டார். எமிக்ரேயைக் குப்பை என்று டிசைனர் மாஸிமோ விக்னெல்லி திட்டினார். 1993இல் விமர்சகர் ஸ்டீவன் ஹெல்லர், 'ஐ' என்ற டிசைன் இதழில், அழகின்மையை வழிபடுகிறார்கள் என்று கட்டுரையே எழுதினார். இதற்கெல்லாம் லிச்கோவின் பதில் எனக்குப் பிடிக்கும்: எதை அதிகம் படிக்கிறோமோ அதைத்தான் நன்றாகப் படிக்கிறோம் என்பது அதன் சாரம். படிக்க எளிது என்பதில் பாதி பழக்கம்.

நாவலின் இருநூறு பக்கத்தை இப்படி அமைத்தால் உங்களோடு சேர்ந்து நானும் சண்டைக்கு வருவேன். ஐந்து சொல் போஸ்டர் வேறு விஷயம்.

கேள்வி (இன்னொருவர்): இடையில் வருகிறேன். டிசைனர் டேவிட் கார்சன் ஒரு நேர்காணல் முழுவதையும் படிக்கவே முடியாத குறியீட்டு எழுத்துருவில் போட்டாராமே? அதுவும் ஐந்து சொல்லா?

மாட்டிவிடப் பார்க்கிறீர்கள். ஆம், 1994இல், ரே கன் என்ற இசை இதழில், பாடகர் பிரையன் ஃபெரியின் நேர்காணல். உரை சுவையில்லை என்று நினைத்து ஸாஃப் டிங்பாட்ஸில் போட்டுவிட்டார். எழுத்துக்குப் பதில் நட்சத்திரமும் கத்தரிக்கோலும் அம்புக்குறியும். ஆனால் அதே இதழின் பின்பக்கத்தில் படிக்கும்படியான எழுத்தில் அந்த நேர்காணல் இருந்தது. இந்தக் கதையைச் சொல்பவர்கள் இரண்டாம் பாதியை விட்டுவிடுவார்கள். என் கணக்கில் அது நல்ல டைபோகிராபி இல்லை, நல்ல பத்திரிகைச் சேட்டை. எழுத்தின் எந்த உறுப்பைப் பற்றியும் அது எதையும் கண்டுபிடிக்கவில்லை.

கேள்வி (முதல் நண்பர்): அப்படியானால் எது எல்லை என்று யார் முடிவு செய்வது?

உரையை முன்பே அறியாத மூன்று பேரிடம், எதுவும் சொல்லாமல், போஸ்டரைக் காட்டுங்கள். மூவரும் வேறு வேறு சொல்லைப் படித்தால் எல்லை தாண்டிவிட்டது. தாமதமாகப் படித்தால் பிரச்சினை இல்லை. தாமதத்தைத்தானே நாம் விற்கிறோம்.

கேள்வி (அதே நண்பர்): எனக்கு இன்னும் சம்மதமில்லை.

இருக்கட்டும். அடுத்தவர் வரட்டும்.

கேள்வி: தலைப்பு பக்கத்தை நிரப்ப எழுத்தை அகலவாக்கில் இழுத்துவிட்டேன். இதுவும் சோதனைதானே?

மூலையைப் பிடித்து இழுப்பதா? இல்லை. அகலவாக்கில் இழுத்தால் நெடுக்கோடு தடிக்கும், கிடைக்கோடு அப்படியே இருக்கும், வளைவு நசுங்கும். அகலமான வடிவம் வேண்டுமென்றால் வேரியபிள் ஃபாண்ட் (எடை, அகலம் போன்றவற்றை மாற்றிக்கொள்ளும் ஃபாண்ட்) எடுங்கள், அதில் அகலத்தைக் கூட்டிக் குறைக்கும் அச்சு (axis) இருக்க வேண்டும். தடிமனைத் திருத்தி வரைந்திருப்பார்கள்.

கேள்வி: பிரெஞ்சு டிசைனர் மாஸின் இழுத்தாரே?

இழுத்தார், ரப்பரில். நாடகாசிரியர் அயனெஸ்கோவின் நாடகம் ஒன்றுக்காக எழுத்துகளை ரப்பரில் அச்சிட்டு, இழுத்துப் பிடித்துப் படமெடுத்தார். கத்துகிற குரல் நீள்கிற மாதிரி எழுத்தும் நீண்டது, ஒவ்வொரு இடத்தில் ஒவ்வொரு மாதிரி. மவுஸால் இழுத்தால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நீளும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கேள்வி: போஸ்டருக்கு ஏற்ற தமிழ் ஃபாண்ட் ஒன்று சொல்லுங்களேன்?

இரண்டாம் கேள்வியைப் பாருங்கள்.

கேள்வி: இசைக்கு ஏற்றபடி எழுத்து தடித்து மெலிய வேண்டும். வேரியபிள் ஃபாண்ட் போதுமா?

போதும், தாராளமாக. 2016 செப்டம்பரில் அடோபி, ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட் நால்வரும் சேர்ந்து அறிவித்த வடிவம் இது. ஒரே கோப்புக்குள் எடை, அகலம், சாய்வு போன்ற அச்சுகள் இருக்கும், இடைப்பட்ட எந்த மதிப்பையும் எடுத்துக்கொள்ளலாம். நோட்டோ சான்ஸ் தமிழில் எடை, அகலம் இரண்டும் உண்டு. இணையப் பக்கத்தில் ஒலியின் அளவை எடுத்து அந்த எண்ணை எடை அச்சுக்குக் கொடுத்தால் எழுத்து மூச்சுவிடும்.

சிக்கல் இங்கேதான்: எடை கூடினால் எழுத்தின் அகலமும் கூடும். வரி தள்ளும், கடைசிச் சொல் அடுத்த வரிக்குத் தாவும், முழுப் பத்தியும் குதிக்கும். சில ஃபாண்ட்களில் 'கிரேடு' என்ற அச்சு இருக்கும். அது அகலத்தை மாற்றாமல் கறுப்பை மட்டும் கூட்டிக் குறைக்கும். ரோபோட்டோ ஃப்ளெக்ஸில் உண்டு. அது இல்லாத ஃபாண்ட் என்றால் எழுத்து ஒவ்வொன்றையும் நிலையான அகலமுள்ள பெட்டியில் வையுங்கள். தமிழில் பெட்டி என்பது 'கொ' முழுவதும், அதன் துண்டுகள் அல்ல. அசைவு கூடாது என்று சாதனத்தில் அமைத்திருப்பவர்களுக்கு அனிமேஷனை நிறுத்திவிடுங்கள், சிலருக்குத் தலைசுற்றும்.

சொந்தமாக வரைவதானால், மெலிந்த வடிவத்திலும் தடித்த வடிவத்திலும் அவுட்லைன் புள்ளிகளின் எண்ணிக்கையும் வரிசையும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு புள்ளி கூடினாலும் இடைவடிவம் பிறக்காது.

கேள்வி: கணினி நிரல் எழுதி எழுத்தைத் துகள்களாகச் சிதறடிக்கிறேன். ஆங்கிலம் வருகிறது, தமிழில் கொம்பு பின்னால் போகிறது.

எழுத்துகளைச் சேர்த்து அமைக்கத் தெரியாத நிரல் நூலகம் (library) அது. அதோடு போராடாதீர்கள். இல்லஸ்ட்ரேட்டரில் சொல்லைச் சரியாக அமைத்து, அவுட்லைனாக்கி, எஸ்விஜியாக (கோடுகளைப் பாதையாக வைத்திருக்கும் படக் கோப்பு) எடுங்கள். அந்தப் பாதையின் நீளத்தில் சம இடைவெளியில் புள்ளிகளை உலாவியே கணக்கிட்டுத் தரும். மூலக் கோப்பைத் தனியே சேமித்தீர்களா?

கேள்வி: பழைய 'லை', 'னை' வடிவங்களைப் பயன்படுத்தலாமா?

பயன்படுத்துங்கள். 1978 தமிழ்நாடு அரசாணைக்குமுன் அச்சில் இருந்தவை. யானைத் தும்பிக்கை போல வளையும் அந்தக் கோடு தலைப்புக்கு அற்புதமான பொருள். மூத்தவர்கள் தயங்காமல் படிப்பார்கள், இளையவர்கள் ஒரு கணம் நிற்பார்கள். உரைப்பகுதியில் மட்டும் வேண்டாம்.

கேள்வி: ஏஐயில் தமிழ் எழுத்துப் போஸ்டர் செய்யலாமா?

பல நேரம் தமிழ் மாதிரி ஏதோ வரும். பின்னணி இழைநயத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள், எழுத்தை நீங்கள் வையுங்கள்.

கேள்வி: ஃபோட்டோஷாப்பில் தமிழ் உடைகிறது, என்ன செய்வது?

மூன்றாம் கேள்வி. மேலே இருக்கிறது. ஐயா, வந்தவுடன் கேட்காமல் கொஞ்சம் படித்துவிட்டுக் கேளுங்கள்.

கேள்வி: வாங்கிய ஃபாண்டை அவுட்லைனாக்கி மாற்றி லோகோ செய்தால் சட்டச் சிக்கல் வருமா?

உரிமத்தைப் படியுங்கள், ஒவ்வொன்றும் ஒரு மாதிரி. அவுட்லைனை மாற்றுவதைப் பல உரிமங்கள் அனுமதிக்கும். ஃபாண்ட் கோப்பையே திறந்து திருத்துவதைப் பல தடுக்கும். ஓஎஃப்எல் என்ற திறந்த ஃபாண்ட் உரிமம் திருத்த விடும், ஆனால் பெயர் ஒதுக்கப்பட்டிருந்தால் அதே பெயரில் வெளியிடக் கூடாது.

கேள்வி: மயிரிழைக் கோடுகளால் ஆன எழுத்து. திரையில் அழகாக இருக்கிறது, ஸ்கிரீன் பிரின்டில் பாதி காணவில்லை.

வலையின் கண்ணைவிடக் கோடு மெலிந்தால் மை இறங்காது. அச்சிடுபவரிடம் எவ்வளவு மெல்லிய கோடு தாங்கும் என்று முதலிலேயே கேட்டு, அதற்குமேல் வரையுங்கள். கறுப்புத் தளத்தில் வெள்ளை எழுத்து என்றால் இன்னும் தடிக்க வேண்டும், மை பரவி உள்ளே தின்றுவிடும். தளத்தை நான்கு நிறம் கலந்த கறுப்பில் போடாதீர்கள். நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழும் பதிவு இம்மி விலகினாலும் வெள்ளைக் கோட்டில் சிவப்பும் நீலமும் எட்டிப்பார்க்கும். ஒரே கறுப்பு மை போதும். முதலில் ஒரு தாள் மட்டும் போட்டுப் பாருங்கள்.