கதை எழுதுவது சுமையாகிவிட்டால் என்ன செய்வது?

முன்பு விருப்பத்தோடு எழுதிய உங்களுக்கு, போட்டிகளுக்கென்றே எழுதத் தொடங்கியபின் அது சுமையாகிவிட்டது என்கிறீர்கள். பெரும்பாலும், எழுதும்போதே தீர்ப்புச் சொல்லும் பழக்கமே மகிழ்ச்சியைக் குலைக்கிறது. மட்டக்களப்பில் வடமோடி, தென்மோடி என்னும் இருவகை நாட்டுக்கூத்துப் பழகுவோர், கூத்தைப் பழக்கும் ஆசானான அண்ணாவியார் சட்டங்கொடுத்த (அவரவர் பாத்திரத்தையும் அதற்குரிய பாடல்களையும் கொடுத்த) நாள்முதல் நெடுநாள் ஆடிப் பழகி, சதங்கை அணிவிழாவையும் கடந்த பின்னரே அரங்கேற்றத்துக்கு வருகிறார்கள். பழகும் இரவுகளில் பிழைவிட்டுச் சிரிப்பதற்கும் இடமுண்டு. (அரங்கேற்றத்தைவிட அந்த இரவுகளே சுவையானவை என்பது என் எண்ணம்.) அவ்வாறே, யாருக்கும் காட்டாத ஒரு கொப்பியில், கல்லடிப் பாலத்தடியில் கேட்ட பேச்சையோ சந்தையில் நடந்த பேரத்தையோ, முடிவைப் பற்றிக் கவலைப்படாமல் எழுதிப் பாருங்கள். திருத்துவதை வேறொரு நாளுக்கு ஒதுக்குங்கள். அலுப்புத் தட்டும்வரை இழுக்காமல், அடுத்த வரி தெரிந்திருக்கும்போதே நிறுத்தினால், மறுநாள் எழுத அமர்வது எளிதாகும். போட்டிகளை முற்றாக விடவேண்டியதில்லை. அந்தக் கொப்பியில் பிறந்த கதைகளையே அனுப்பலாம்.