மீட்டர் குறைக்கப்பட்ட டீசல் கார்: உண்மை தெரிந்த பிறகு நீங்கள் ஓட்டிய கிலோமீட்டர்கள்

கேள்வி: ஏழு மாதங்களுக்கு முன், பழைய கார்களை வாங்கி விற்கும் ஒருவரிடம் 2015-ஆம் ஆண்டு மாடல் டீசல் கார் ஒன்றை 4,75,000 ரூபாய்க்கு வாங்கினேன். விளம்பரத்திலும் மீட்டரிலும் 82,000 கிலோமீட்டர் என்று இருந்தது. இரண்டு மாதம் கழித்து கம்பெனி சர்வீஸ் சென்டரில் வண்டி எண்ணைப் போட்டுப் பார்த்தபோது, நான் வாங்குவதற்கு ஓராண்டுக்கு முன்பே 2,18,400 கிலோமீட்டரில் அது சர்வீஸுக்கு வந்திருப்பது தெரிந்தது. விற்றவரைக் கேட்டால், ‘நான் வெறும் புரோக்கர், ஓனரைக் கேளுங்கள்’ என்கிறார். டெலிவரி நோட்டில் ‘கிலோமீட்டருக்குப் பொறுப்பல்ல’ என்று அச்சிட்டிருப்பதைக் காட்டுகிறார். மனைவியின் நகையை அடகு வைத்து வாங்கிய வண்டி இது. வீட்டில் என்னால் தலைநிமிர முடியவில்லை. உண்மை தெரிந்த பிறகு கிளட்ச் மாற்ற 38,000 ரூபாய் செலவானது. மீட்டரில் எண்கள் மங்கலாகத் தெரிவதால் புது மீட்டர் போட்டுவிடலாம் என்கிறார் மெக்கானிக். திருப்பிக் கொடுக்கப்போகிற வண்டிதானே என்று ஆர்.சி.யை என் பெயருக்கு மாற்றவில்லை. வேலைக்குப் போய்வரத் தினமும் 60 கிலோமீட்டர் இதைத்தான் ஓட்டுகிறேன்; இப்போது மீட்டர் 93,000 காட்டுகிறது. முழுப் பணமும் பத்து லட்ச ரூபாய் இழப்பீடும் வேண்டும், அவரைச் சிறைக்கும் அனுப்ப வேண்டும். வழி சொல்லுங்கள்.

பதில்: உங்கள் கடிதத்தில் வழக்கைத் தீர்மானிக்கப் போகிற வரி, அடகுக்குப் போன நகையைப் பற்றியதோ விற்றவர் பேசிய பேச்சைப் பற்றியதோ அல்ல, ‘தினமும் 60 கிலோமீட்டர் இதைத்தான் ஓட்டுகிறேன்’ என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிதான். நீங்கள் ஏமாற்றப்பட்டீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை, நீதிமன்றத்துக்கும் பெரிதாக இருக்காது. உண்மை தெரிந்த நாளுக்குப் பிறகு அந்த வண்டியை நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதுதான் உங்களுக்குக் கிடைக்கப்போகும் பரிகாரம் எது என்பதை முடிவு செய்யும்.

முதலில், விற்றவர் சொல்லும் இரண்டு சாக்குகளைத் தள்ளிவிடலாம். விளம்பரம் அவருடையது, பணம் அவர் வங்கிக் கணக்குக்குப் போனது, டெலிவரி நோட்டும் அவர் பெயரில் இருக்கிறது என்றால் ‘புரோக்கர்’ என்ற வாதம் நிற்காது. ‘கிலோமீட்டருக்குப் பொறுப்பல்ல’ என்று அச்சிடுவது, தெரிந்தே சொன்ன பொய்க்குப் பாதுகாப்பு ஆகாது. நீங்கள் வாங்குமுன் சர்வீஸ் ஹிஸ்டரியைப் பார்த்திருக்கலாமே என்று அவருடைய வழக்கறிஞர் நிச்சயம் கேட்பார். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 19-ஆம் பிரிவில், சாதாரணக் கவனத்துடன் உண்மையைக் கண்டுபிடித்திருக்க முடியும் என்றால் ஒப்பந்தத்தை ரத்து செய்ய முடியாது என்று ஒரு விதிவிலக்கு உண்டு. ஆனால் அது தவறான கூற்றுக்கும், மௌனத்தால் நேர்ந்த ஏமாற்றுக்கும் உரியது. மீட்டரைக் குறைத்து அந்த எண்ணை விளம்பரத்திலும் போடுவது மௌனம் அல்ல. காலவரம்பைப் பற்றியும் பதற வேண்டாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் 69-ஆம் பிரிவு இரண்டு ஆண்டுகள் தருகிறது.

இனி உங்களுக்குக் கசப்பாக இருக்கப்போகும் பகுதி. சரக்கு விற்பனைச் சட்டம், 1930-இன் 42-ஆம் பிரிவின்படி, பொருள் கைக்கு வந்த பிறகு அதை உரிமையாளரைப் போல் பயன்படுத்தினாலோ, வேண்டாம் என்று தெரிவிக்காமல் நியாயமான காலத்துக்கு மேல் வைத்துக்கொண்டாலோ, வாங்கியவர் அதை ஏற்றுக்கொண்டதாகவே கருதப்படும். ஏற்றுக்கொண்டபின், 13-ஆம் பிரிவின்படி பொருளைத் திருப்பிக் கொடுத்து முழு விலையைக் கேட்கும் உரிமை போய், 59-ஆம் பிரிவின்படி குறைந்த மதிப்புக்கான தொகையையும் நஷ்டத்தையும் கேட்கும் உரிமை மட்டுமே மிஞ்சும். மோசடி என்ற அடிப்படையில் ஒப்பந்தத்தை ரத்து செய்யக் கேட்டாலும், குறித்தவகை நிவாரணச் சட்டம், 1963-இன் 27-ஆம் பிரிவு அதே இடத்துக்குத்தான் கொண்டுவந்து நிறுத்தும்: வெளிப்படையாகவோ நடத்தையாலோ ஒப்பந்தத்தை ஒப்புக்கொண்டவருக்கு நீதிமன்றம் ரத்தை மறுக்கலாம்.

உங்கள் கணக்கையே பாருங்கள். இந்த ஏழு மாதத்தில் மீட்டர் 82,000-இலிருந்து 93,000-க்கு நகர்ந்திருக்கிறது. அதில் ஏறத்தாழ 8,000 கிலோமீட்டர் உண்மை தெரிந்த பிறகு ஓடியது. கிளட்ச் மாற்றியதும் அதற்குப் பிறகுதான். ‘இந்த வண்டி எனக்கு வேண்டாம்’ என்று ஒரு வரிகூட நீங்கள் எழுத்தில் அனுப்பியதாகக் கடிதத்தில் இல்லை. போனில் சண்டை போட்டது நிராகரிப்பு ஆகாது.

சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்த ஒருவரின் நிலையும் இதேதான். ஆவணங்கள் எல்லாம் அவர் பக்கம், வாதமும் நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. நுகர்வோர் ஆணையத்தின் உறுப்பினர் ஒருவர் கோப்பிலிருந்து தலையை நிமிர்த்தி, ‘இன்று இங்கே எந்த வண்டியில் வந்தீர்கள்?’ என்று அவரையே கேட்டார். அவர் பொய் சொல்லத் தெரியாத மனிதர்; கையில் இருந்த கார் சாவியைப் பார்த்துவிட்டு, ‘அந்தக் காரில்தான் சார்’ என்றார். முழு விலையும் திரும்பும் என்று காத்திருந்தவருக்கு, விலையில் ஒரு பகுதிதான் உத்தரவானது. அந்த உத்தரவில் தவறு இருந்ததாக நான் நினைக்கவில்லை. ஆகவே உங்களுக்கு முழுப் பணம் கிடைக்கும் என்று சொல்லி உங்களிடம் வழக்குக் கட்டணம் வாங்க எனக்கு மனம் இல்லை.

அதைவிடப் பெரிய ஆபத்து உங்கள் மெக்கானிக்கின் யோசனையில் இருக்கிறது. அந்த மீட்டர் கன்சோலைத் தொடாதீர்கள். மாற்றப்பட்ட எண் அதற்குள் இருக்கும் நினைவகச் சிப்பில்தான் பதிந்திருக்கிறது. பல கார்களில் ஓடிய தூரம் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டியிலும் தனியே பதிவாகும். இரண்டையும் ஒப்பிட்டு வேறுபாட்டைக் காட்டும் நிபுணர் அறிக்கைதான் உங்கள் வழக்கின் முதுகெலும்பு. குறைபாட்டைச் சோதனையின்றி அறிய முடியாதபோது பொருளைச் சோதனைக்கு அனுப்ப ஆணையத்துக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 38-ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது. சோதனை செய்பவர் வந்து பார்க்கும்போது அங்கே புது கன்சோல் இருந்து, பழையது கடைக்காரரின் இரும்புக் குவியலில் போயிருந்தால், மீட்டரை மாற்றியவர் நீங்கள்தான் என்று எதிர்த்தரப்பு எழுதிக் கொடுக்கும். நல்ல வழக்குகள் இந்த ஒரு காரியத்தால் கவிழ்ந்ததைப் பார்த்திருக்கிறேன். எண்கள் மங்கினாலும் மங்கட்டும். சாவியைத் திருப்பியதும் தெரிகிற ரீடிங்கை, தேதி தெரியும்படி இன்றே வீடியோ எடுத்து வையுங்கள். சர்வீஸ் சென்டரிலிருந்து முத்திரையிட்ட சர்வீஸ் ஹிஸ்டரி வாங்குங்கள். கணினிப் பிரதியாகவே தருவார்கள் என்றால், புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-ஆம் பிரிவு கேட்கும் மின்னணுப் பதிவுச் சான்றிதழ் இல்லாமல் அது வெறும் தாள். விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டுக்கும் வாட்ஸ்அப் செய்திகளுக்கும் இதே விதிதான்.

ஆர்.சி. விஷயத்தில் நீங்கள் சாமர்த்தியம் என்று நினைப்பது உங்களுக்கே குழி. பெயர் மாற்றத்துக்கு வாங்கியவர் 30 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பதை நான் நினைவூட்ட வேண்டியதில்லை. பழைய உரிமையாளர் பெயரிலேயே இருக்கும் காப்பீட்டுடன் நீங்கள் நெடுஞ்சாலையில் ஓடிக்கொண்டிருக்கிறீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 157-ஆம் பிரிவின்படி பாலிசி தானாக மாறுவது மூன்றாம் நபருக்கான பாதுகாப்பு வரைதான். வண்டிக்கு ஏற்படும் சேதத்தை அது தொடாது என்று உச்ச நீதிமன்றம் 1996-லேயே சொல்லிவிட்டது. வண்டி எங்காவது மோதி நொறுங்கினால் உங்களுக்குக் காப்பீடும் இல்லை, திருப்பிக் கொடுக்க வண்டியும் இல்லை. யாருக்காவது அடிபட்டால், பதிவுப் புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்ற 2018-ஆம் ஆண்டுத் தீர்ப்பின்படி, விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தின் நோட்டீஸ் பழைய உரிமையாளரின் வீட்டுக்குப் போகும்.

இந்தப் பழைய உரிமையாளர்தான் உங்களுக்கு இருக்கும் மிகச் சிறந்த சாட்சி என்பதை யோசித்தீர்களா? வண்டியை வியாபாரியிடம் ஒப்படைத்த அன்று மீட்டர் என்ன காட்டியது என்று சொல்லக்கூடியவர் அவர்தான். அவர் உண்மையான எண்ணோடுதான் விற்றிருப்பார் என்பது என் ஊகம். கம்பெனி சர்வீஸ் சென்டருக்கே தொடர்ந்து விட்டவர் மீட்டரில் கைவைப்பது அபூர்வம். வண்டியை ஒப்படைத்தபோது எடுத்த படமோ எழுதிக்கொடுத்த தாளோ அவரிடம் இருக்கக்கூடும். அவரை நேரில் பார்த்து மரியாதையாகப் பேசுங்கள். காவல் நிலையத்தில் புகார் கொடுக்கும் வேகத்தில் அவரையும் இரண்டாம் எதிரியாகச் சேர்த்து எழுதினால், அல்லது உங்கள் விபத்துக்காக அவர் தீர்ப்பாயத்துக்கு அலைய நேர்ந்தால், அந்தச் சாட்சி உங்களுக்குக் கிடைக்கமாட்டார்.

சிறைக்கு அனுப்புவதைப் பற்றி: புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் ஏமாற்றுக் குற்றத்துக்கான 318-ஆம் பிரிவு இதற்குப் பொருந்தும், புகார் கொடுப்பது உங்கள் உரிமை. ஆனால் ‘இது சிவில் தகராறு’ என்று புகாரை முடிக்கப் பார்ப்பார்கள், அதை எதிர்த்து நீங்கள் செலவிடும் மாதங்கள் உங்கள் பணத்தைத் திரும்பக் கொண்டுவராது. பத்து லட்சத்தையும் மறந்துவிடுங்கள். மன உளைச்சலுக்கு ஆணையங்கள் தருவது பெரும்பாலும் ஆயிரங்களில்தான்.

ஆகவே என் ஆலோசனை சமரசம். இன்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். முழு விலைக்கும் போராடித்தான் தீருவேன் என்றால், இன்றே வண்டியை நிறுத்தி, நிராகரிப்பு அறிவிப்பைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். சரக்கு விற்பனைச் சட்டத்தின் 43-ஆம் பிரிவின்படி வண்டியைக் கொண்டுபோய் விட வேண்டியதில்லை, வேண்டாம் என்று தெரிவித்தால் போதும். ஆனால் ஏற்கெனவே ஓடிய 8,000 கிலோமீட்டர் உங்களுக்கு எதிராக நிற்கும், தீர்ப்பு வரும்வரை வேறு வண்டியில் வேலைக்குப் போக வேண்டும், வழக்கு எத்தனை ஆண்டு போகும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. வண்டி இல்லாமல் முடியாது என்றால், விலை வித்தியாசத்தைக் கேட்டு நோட்டீஸ் அனுப்பி, உங்கள் உரிமைகளை விட்டுக்கொடுக்கவில்லை என்று அதிலேயே எழுதிவிட்டு, பெயரையும் காப்பீட்டையும் உடனே மாற்றிக்கொள்ளுங்கள். உங்கள் நிலையில் இரண்டாவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. நன்றாகப் பராமரித்த டீசல் எஞ்சினுக்கு இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஆயுளின் முடிவு அல்ல. ஆனால் அதற்கு 82,000-இன் விலையும் அல்ல.

நோட்டீஸ் எழுதுமுன், அங்கீகாரம் பெற்ற மதிப்பீட்டாளர் ஒருவரிடம் அதே மாடல், அதே ஆண்டு, உண்மையான கிலோமீட்டருக்கான மதிப்பை எழுத்தில் வாங்குங்கள். அவர் 3,25,000 என்று சொன்னால் வித்தியாசம் 1,50,000. அதில் வியாபாரி 1,20,000 தர ஒப்புக்கொண்டால் நான் வாங்கிக்கொள்ளச் சொல்வேன். கிளட்ச் பில்லைப் பேரத்தில் சேருங்கள், அதற்காகப் பேரத்தை முறிக்காதீர்கள்; கிளட்ச் தேய்மானப் பொருள். பின்தேதியிட்ட காசோலை வாங்காதீர்கள், வங்கி வரைவோலையோ நேரடிப் பரிமாற்றமோ மட்டும். ‘இந்த வண்டிக்குப் பதில் வேறு நல்ல வண்டி தருகிறேன்’ என்றால், அந்த வண்டியின் மீட்டரை மட்டும் எப்படி நம்புவீர்கள்?

பேச்சுவார்த்தை நடக்கும் மாதங்களில் பராமரிப்பை 93,000-இன்படி செய்யாதீர்கள். குறைந்தபட்சம் 2,29,400-இன்படி செய்யுங்கள். டைமிங் பெல்ட் உள்ள எஞ்சின் என்றால் அது எப்போது மாற்றப்பட்டது என்று சர்வீஸ் ஹிஸ்டரியில் இன்றே பாருங்கள். பெல்ட் ஓடும்போது அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதி எஞ்சினே போய்விடும். நஷ்டத்தைக் குறைக்கக் கையில் இருந்த வழியைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்று ஒப்பந்தச் சட்டத்தின் 73-ஆம் பிரிவு சொல்வதால், உண்மை எண் தெரிந்தும் பெல்ட்டை மாற்றாத உங்கள் தலையில்தான் அந்தச் செலவு விழும்.

சமரசப் பத்திரத்தில், 2,18,400 கிலோமீட்டரில் வண்டி சர்வீஸ் ஆனது என்ற பதிவை இரு தரப்பும் ஒப்புக்கொள்வதாக ஒரு வரி கட்டாயம் இருக்க வேண்டும். நாளை நீங்கள் இந்த வண்டியை விற்கும்போது மீட்டர் ஒரு லட்சத்துச் சொச்சம் காட்டும்; உண்மை தெரிந்தும் அந்த எண்ணை வாங்க வருபவர் நம்பும்படி விட்டால், இன்று வியாபாரி நிற்கும் இடத்தில் நீங்கள் நிற்பீர்கள். விற்கும் நாளில் அந்தப் பத்திரத்தின் நகலை வாங்குபவரிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு அவர் கையெழுத்தை வாங்கி வையுங்கள்.