இமை அறுவைப் பயிற்சி: எங்கே சேரலாம்?

கேள்வி: மகள் கண் மருத்துவத்தில் எம்.எஸ். முடிக்கிறாள். இமை, கண்குழி சீரமைப்பில் ஃபெலோஷிப் சேர ஆசை. எதைப் பார்த்துச் சேர்வது?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா, ஹைதராபாத் எல்.வி. பிரசாத் ஆகிய மூன்றிலும் இந்தப் பயிற்சி உண்டு. நம் நாட்டில் பெரும்பாலும் 1 முதல் 2 ஆண்டுகள். பெயரைவிட முக்கியம், கத்தி யார் கையில் என்பது. இப்போது அங்கே பயில்பவரிடம் கேட்கச் சொல்லுங்கள்: இமைத்தொய்வு, கண்ணீர்ப்பை, கண்குழி எலும்பு முறிவு ஒவ்வொன்றிலும் தனியாகச் செய்தது எத்தனை, பக்கத்தில் நின்று உதவியது எத்தனை? பதில் மழுப்பலாக வந்தால் வேறு இடம் பாருங்கள்.

விபத்துக் காயங்கள் நிறைய வரும் இடமா என்பதும் முக்கியம். கிழிந்த இமை ஓரத்தைத் தைப்பது எளிதாகத் தோன்றும். ஆனால் கைப்பழக்கம் இல்லாமல் வராது. இமை விளிம்பில் ஓடும் சாம்பல் நிறக் கோடு இருபுறமும் நேராகச் சேரும்படி பொருத்தி, 6-0 என்னும் மெல்லிய பட்டு நூலால் செங்குத்து மெத்தைத் தையல் (ஊசி ஆழமாக ஒருமுறையும் மேலாக ஒருமுறையும் கடக்கும் தையல்) போட்டு, ஓரத்தைச் சற்றே மேடாக விட வேண்டும். சமமாக விட்டால், வடு சுருங்கும்போது பள்ளம் விழும். இமைத்தட்டில் (இமைக்கு விறைப்பு தரும் உள்தகடு) ஊசி முழு ஆழமும் போகக்கூடாது. உட்பக்கம் துளைத்து வெளிவந்த நூல் ஒவ்வொரு இமைப்பிலும் கருவிழியை உரசிப் புண்ணாக்கும்.

இரவுப் பணியில் மூத்தவர் அழைத்தால் வருவாரா என்றும் கேட்கட்டும். அறுவைக்குப் பின் கண்ணுக்குப் பின்னால் ரத்தம் கட்டி, வலியோடு கண் பிதுங்கிப் பார்வை மங்கினால், ஸ்கேனுக்குக் காத்திராமல் உடனே கண்ணின் வெளிக்கடை ஓரத்தை (காதுப்பக்க மூலை) வெட்டி அழுத்தத்தை இறக்க வேண்டும்.