கூலி இல்லாத உழைப்பு

கேள்வி: அனார்க்கோ சிண்டிகலிசம் என்பது என்ன? கூலி உழைப்பற்ற வாழ்க்கையை அது எங்காவது நடத்திக் காட்டியதா?

பதில்: அரசையும் கட்சியையும் நம்பாமல், தொழிலாளர்கள் தம் சங்கங்களின் வழியே பொது வேலைநிறுத்தம் செய்து, ஆலைகளைத் தாமே ஏற்று நடத்த வேண்டும் என்னும் கோட்பாடு அது. ஸ்பெயினில் 1910இல் தோன்றிய சி.என்.டி. சங்கமே இதன் பெரிய எடுத்துக்காட்டு. 1936 ஜூலையில் ஸ்பெயினின் குடியரசு அரசுக்கு எதிராக ராணுவக் கிளர்ச்சி வெடித்தபின், பார்சிலோனாவின் டிராம் வண்டிகளைத் தொழிலாளர்களே பொறுப்பேற்று ஓட்டினார்கள். ஆனால், அங்கும் கூலி முறை மறையவில்லை. அரகோன் பகுதியின் சில கிராமங்களில் அமைந்த கூட்டுப்பண்ணைகளில்தான் பணத்தையே விலக்கிவிட்டு, உழைப்பின் அளவைப் பார்க்காமல் குடும்பத்தின் தேவையைப் பார்த்துப் பொருள்களைப் பங்கிட்டார்கள். எல்லோரும் மனமுவந்துதான் சேர்ந்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். 1937 ஆகஸ்டில் குடியரசு அரசே படையை அனுப்பி அக்கூட்டுப்பண்ணைகள் பலவற்றைக் கலைத்தது.